சொந்த நிலத்தில் கரை போட்டவர்கள் கேட்டவை

நான் பாசன வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆந்திரத்தின் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்து ஏரிக்கரைகளை நடந்தே பார்த்திருக்கிறேன். மாந்தோப்புகளில் சொந்தமாகக் குட்டை கட்டியவர்கள் ஐப்பசி மழைக்கு முன் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

சார், தோப்புக்குள் ஓடும் ஓடையை மறித்து 14 அடிக்கு மண்கரை போட்டிருக்கிறோம். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் எங்களுக்கும் வருமா?

வராது. அது 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கான சட்டம். 10 முதல் 15 மீட்டர் வரை என்றால் கரை நீளம் 500 மீட்டர், கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர் என்பதுபோல் சில நிபந்தனைகளில் ஒன்றாவது பொருந்த வேண்டும். உங்களுடையது நாலேகால் மீட்டர்தான்.

இதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. அந்தச் சட்டத்துக்குள் வரும் அணையை மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்தே ஆக வேண்டும். உங்கள் கரையை எட்டிப் பார்க்கக்கூட ஒருவரும் வரமாட்டார்கள். அப்புறம், அந்த ஓடை வருவாய்க் கணக்கில் புறம்போக்கா என்று முதலில் பாருங்கள். புறம்போக்கு என்றால், அனுமதி வாங்காமல் மறித்ததே தப்பு.

கரை உடைந்து கீழே இருப்பவருக்குச் சேதமானால்? "பெருமழை, நான் என்ன செய்வேன்" என்று சொல்லித் தப்ப முடியாதா?

இதற்கு நம்ம பக்கத்து வழக்கு ஒன்றே இருக்கிறது. கார்வேட்டிநகரம் ஜமீன்தாரின் ஏரிகள் வெள்ளத்தில் உடைந்து மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பாதை சேதமானது. கம்பெனி நஷ்டஈடு கேட்டது. வழக்கு, அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. தன் நிலத்தில் தேக்கிய தண்ணீர் வெளியேறி அடுத்தவரைக் கெடுத்தால், கவனக்குறைவு இல்லாவிட்டாலும் உடையவரே பொறுப்பு என்று 1868-இல் இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் - ஃப்ளெட்சர் வழக்கில் தீர்ப்பாகியிருந்தது. கம்பெனி அதைத்தான் காட்டியது. ஆனால் 1874-இல் ஜமீன்தார் பக்கம் தீர்ப்பு வந்தது. இந்த ஏரிகள் பழங்காலத்தில் இருந்து ஊரின் பிழைப்புக்காக இருப்பவை, அவற்றைப் பராமரிப்பது அவருடைய கடமை, எனவே அலட்சியத்தை நிரூபித்தால்தான் பொறுப்பு என்றார்கள்.

அந்தக் குடைக்குள் நீங்கள் நுழைவது கஷ்டம் என்பது என் கருத்து. உங்கள் குட்டை ஊர் ஏரி இல்லை, சொந்த மாமரத்துக்காக வெட்டியது. உயிர் போய், அது உங்கள் அலட்சியத்தால் என்று நிரூபணமானால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 106-ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை உண்டு.

ஐயா, கரையின் வெளிப்பக்க அடியில் தண்ணீர் கசிகிறது. சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர்.

அடைக்க வேண்டாம் அம்மா. ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் ஒன்றும் தங்கவில்லை, கசிவும் கூடவில்லை என்றால் தினமும் பார்த்து எழுதி வைத்தால் போதும். மண்கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். டம்ளர் அடியில் வண்டல் தங்கினால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். அன்றைக்கே வேலை ஆரம்பிக்க வேண்டும். வெளியே அடைத்தால் தண்ணீர் வேறு வழி தேடும், மண்ணும் அதோடு போகும். தண்ணீரை வெளியே விடுங்கள், மண்ணை மட்டும் பிடித்து வையுங்கள்: கசியும் இடத்தில் முதலில் பருமணல், அதன் மேல் சல்லி, அதன் மேல் கல். கொப்பளித்து வரும் ஊற்றாக இருந்தால் சுற்றிலும் மணல் மூட்டையை வட்டமாக அடுக்கி, உள்ளே நீர்மட்டம் ஏற விடுங்கள். ஊற்று தெளிந்ததும் நிறுத்தலாம். குட்டையின் மட்டத்தையும் இறக்குங்கள், ஆனால் மெதுவாக. ஒரே நாளில் வடித்தால் உள்பக்கச் சரிவு ஈரப் பாரத்தோடு சரிந்துவிடும்.

2021 நவம்பரில் திருப்பதி பக்கத்து ராயலச்செருவு ஏரியின் கரை கசிந்தபோது கீழே இருந்த ஊர்களைக் காலி செய்தார்கள். கரை தப்பியது.

மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கோடிக்குப் பதிலாக ஓர் அடி விட்டக் குழாய் வைத்திருக்கிறோம். போதாதா?

கணக்குப் போடுவோம். தண்ணீர் வரும் பரப்பு 40 ஹெக்டேர், மழை 100 மில்லிமீட்டர் என்று வையுங்கள். பாதி ஓடிவந்தாலே 20,000 கன மீட்டர். அது இரண்டு மணி நேரத்தில் வந்தால் நொடிக்குச் சுமார் 2.8 கன மீட்டர். உங்கள் குழாயில் தண்ணீர் நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் ஓடினாலும் 0.14 தான் போகும். அதாவது இருபதில் ஒரு பங்கு. ஒரு மாங்கிளை வந்து அடைத்தால் அதுவும் இல்லை. மீதி கரைமேல் ஏறும். மேலே வழியும் தண்ணீரை மண் தாங்காது. ஆந்திரத்தில் செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணையின் மண்கரை 2021 நவம்பர் 19-இல் அப்படித்தான் அடித்துக்கொண்டு போனது. கரையின் ஓரத்தில், கெட்டி நிலத்தில், அகலமான கோடி வெட்டிக் கல் பாவுங்கள். இந்தக் கணக்குக்கே இரண்டடி ஆழத்தில் தண்ணீர் போக நாலு மீட்டர் அகலம் வேண்டும். காசு குறைவா? கரையைத் தாழ்வாகப் போடுங்கள், கோடியைக் குறைக்காதீர்கள்.

கரைமேல் வேப்பமரம் நிழலாக இருக்கிறதே, விடலாமா?

கன்றாக இருந்தால் இன்றே பிடுங்குங்கள். பெரிய மரம் செத்தால் வேர் மக்கி, அந்த ஓட்டையே தண்ணீருக்கு வழியாகும். தண்ணீர் நிற்கும்போது அதை வேரோடு தோண்ட வேண்டாம். எலிவளை, நண்டு வளைக்கும் கண் வைத்திருங்கள்.

அண்ணா, புதிதாகப் போடுகிறோம். மூன்று நாளில் முடிப்பதாக ஜேசிபிக்காரர் சொல்கிறார்.

குவிப்பது மூன்று நாள் வேலைதான், அதற்குப் பெயர் கரை இல்லை. அரை அடி அரை அடியாகப் பரப்பி, ஈரம் சேர்த்து, ரோலர் ஓட்ட வேண்டும். ஒரு பிடி மண்ணை அழுத்தினால் உருண்டையாக நிற்கணும், கையில் ஒட்டக்கூடாது. அதுதான் ஈரப் பதம். வெறும் செம்மண் சவுடு போதாது, களி கலந்த மண் வேண்டும்.

எங்கள் கரைக்குக் கீழே ஆளே இல்லை, வெறும் ஓடைதான். இவ்வளவும் தேவையா?

இந்த வாரம் ஓடையோடு இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்து பாருங்கள் தம்பி. செங்கல் சூளை கொட்டகை, பட்டி போட்டவர் கூடாரம் ஏதாவது கண்ணில் படும். கென்யாவின் சோலாயில் 2018 மே 9 இரவு ஒரு தனியார் பண்ணையின் மண் அணை உடைந்து, கீழே குடியிருந்தவர்கள் நாற்பதுக்கும் மேல் செத்தார்கள். ஓடையில் பார்க்கும் ஒவ்வொருவரிடமும் போன் நம்பர் வாங்கி, மோட்டார் ஷெட் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.