அமெரிக்காவிலிருந்து காசு வர ரவுட்டிங் நம்பர் எங்கே தேடுவது?

அமெரிக்காவில் இருக்கும் தம்பி காசு அனுப்ப ரவுட்டிங் நம்பர் கேட்கிறார், கணக்கு வெள்ளவத்தையில், எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். தேடவே வேண்டாம். அந்த 9 இலக்க எண் அமெரிக்க வங்கிகளுக்கு உரியது, இலங்கைக் கணக்குக்கு அது கிடையாது. அவருக்கு உங்கள் வங்கியின் ஸ்விஃப்ட் குறியீட்டை, அதாவது வெளிநாட்டிலிருந்து காசு வரும்போது வங்கியை அடையாளம் காட்டும் குறியீட்டை, கொடுங்கள். அது 8 அல்லது 11 எழுத்து வரும். 5ஆவதும் 6ஆவதும் இலங்கையைக் குறிக்கும் ‘எல்’, ‘கே’ என்று இருக்க வேண்டும். கூடவே கணக்கு இலக்கமும், வங்கியில் பதிந்துள்ளபடியே பெயரும்.

சரி, உள்ளூரில் அனுப்பும்போது? வங்கிக்கு 4 இலக்கக் குறியீடு, கிளைக்கு 3 இலக்கக் குறியீடு. காசோலைத் தாளின் அடியில் உள்ள எண் வரிசையைப் பாருங்கள். நடுவில் 7010 என்றிருந்தால் இலங்கை வங்கி, 7135 என்றால் மக்கள் வங்கி. அடுத்த மூன்றும் கிளை. இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும்: கேட்பது கணக்கு இருக்கும் கிளையை, நீங்கள் வழக்கமாகப் போய்வரும் கிளையை அல்ல. நான் அதை மாற்றிப் போட்டு, வீட்டு வாடகை திரும்பி வந்து, வீட்டுக்கார அம்மாவிடம் தவணை கேட்டு நின்றிருக்கிறேன்.

சந்தேகம் என்றால் கிளைக்கே போன் எடுத்துக் கேளுங்கள். யாரோ போட்ட பட்டியலை நம்பி அனுப்பாதீர்கள்.