பிஸ்கற்றுக்குள் கம்பி: நிறுவனத்துக்காரரிடம் கொடுத்துவிடலாமா?

கேள்வி: திருகோணமலை அநுராதபுரச் சந்திக் கடையொன்றில் என் தம்பி வாங்கி வந்த கிறீம் பிஸ்கற் பக்கற்றில், என் ஒன்பது வயது மகன் கடித்த பிஸ்கற்றுக்குள் உலோகக் கம்பித் துண்டு ஒன்று இருந்தது. முன்பல்லின் முனை உடைந்துவிட்டது. கடைக்காரர் நிறுவனத்துக்குச் சொல்ல, அவர்களின் பிரதிநிதி ஒரு பெட்டி பிஸ்கற்றோடு வீட்டுக்கு வந்தார். "பரிசோதிக்க வேண்டும், கம்பியைத் தாருங்கள், இந்தக் கடிதத்தில் ஒரு கையெழுத்தும் வையுங்கள்" என்கிறார். நான் இன்னும் கொடுக்கவில்லை. 5 இலட்சம் கேள், தராவிட்டால் பேஸ்புக்கில் போடுவோம் என்கிறான் தம்பி. வாங்கி மூன்று வாரமாகிறது, பில்லும் இல்லை. என்ன செய்யலாம்?
(வாசகி, உப்புவெளி)

பதில்: கொடுக்காமல் வைத்திருந்தீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்தது. கம்பியையும் பக்கற்றையும் நிறுவனத்துக்காரர் யாரிடமும் கொடுக்காதீர்கள். அவர்கள் சோதித்து முடித்து "எங்கள் ஆலையில் இப்படியொரு கம்பியே கிடையாது" என்று ஒரு கடிதம் அனுப்பினால், அதை மறுக்க உங்கள் கையில் எதுவும் மிஞ்சாது. பார்க்க வேண்டுமென்றால் உங்கள் வீட்டில், உங்கள் முன்னால் பார்க்கட்டும், படமும் எடுக்கட்டும். அதற்கு நீங்கள் தடை சொல்ல வேண்டியதில்லை.

கம்பியைக் கழுவ வேண்டாம். அதில் ஒட்டியிருக்கும் மாவும் எண்ணெயும்தான் அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும். மாவு சலிக்கும் சல்லடையின் கம்பியோ இயந்திரம் துடைக்கும் தூரிகையின் கம்பியோ உணவில் விழுவது இந்தத் தொழிலில் தெரிந்த ஆபத்துதான். உலோகம் கண்டறியும் கருவி இருக்கும் ஆலையிலும், மெல்லிய கம்பி ஒரு வாட்டமாகக் கிடந்தால் தப்பிவிடுவதுண்டு. ஆகவே "எங்களிடம் கருவி இருக்கிறது" என்பது முழுப் பதில் ஆகாது. கடித்த பிஸ்கற்றின் மிச்சம், பக்கற்றின் உறை, அதில் அச்சிட்ட தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி எல்லாவற்றையும் படமெடுத்து, பொருட்களை ஒரு உறையில் போட்டு ஒட்டி, மேலே திகதியும் இரண்டு பேரின் கையொப்பமும் இடுங்கள். (இதை வாசிப்பவர் யாருக்காவது கம்பிக்குப் பதில் பூச்சி கிடைத்திருந்தால், குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் வையுங்கள். அது சூடுபட்டதா இல்லையா என்று ஆய்வுகூடத்தில் பார்க்க முடியும். வேகாத பூச்சி என்று வந்தால், "உங்கள் வீட்டில் விழுந்தது" என்ற வாதம் பலமாகிவிடும்.)

அப்புறம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது நம் ஊரில் பி.எச்.ஐ. உங்கள் வீடு உப்புவெளியில் இருந்தாலும் கடை இருக்கும் பகுதிக்குப் பொறுப்பான பி.எச்.ஐ.யிடமே போக வேண்டும். அதே தொகுதியில் மிச்சமுள்ள பக்கற்றுகள் அந்தக் கடையில்தானே கிடக்கும்? 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி கடைக்குள் சென்று மாதிரி எடுக்கவும் பொருளைக் கைப்பற்றவும் அவருக்கு அதிகாரம் உண்டு. முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். கம்பியை அவரிடம் ஒப்படைப்பதானால் அதற்கும் எழுத்தில் ஒரு அத்தாட்சி வாங்குங்கள். ஒன்று தெரிந்திருக்கட்டும்: பி.எச்.ஐ. நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தண்டப்பணம் விதிக்கப்பட்டாலும் அதில் ஒரு சதமும் உங்களுக்கு வராது. ஆனால் அந்தப் பதிவுகள் பிறகு நட்டஈடு கேட்கும்போது உங்களுக்குக் கைகொடுக்கும்.

உங்களுக்குக் காசு வரக்கூடிய வழி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, விசாரணைக்குப் பிறகு நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ அது உத்தரவிடலாம். ஆனால் பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டது. நிறுவனம் "விசாரிக்கிறோம், விசாரிக்கிறோம்" என்று இழுத்தடிப்பதில் இந்தக் காலக்கெடு கரைந்து போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் அழைப்போடு நிறுத்திவிடாதீர்கள். கடிதமாக எழுதி கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள அதிகாரசபை அலுவலகத்தில் கொடுங்கள். வாங்கியது தம்பி, பாதிக்கப்பட்டது உங்கள் மகன். ஆகவே நீங்கள் இருவருமே கையொப்பமிடுங்கள்.

பில் இல்லாதது அவ்வளவு பெரிய குறையல்ல. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. அதைவிட, கடைக்காரர் தானாகவே நிறுவனத்துக்கு அறிவித்திருக்கிறார், பிரதிநிதி வீடு தேடி வந்திருக்கிறார். விற்கவே இல்லை என்று இனி யார் சொல்ல முடியும்? தொலைபேசி அழைப்புப் பதிவு, வட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். தம்பி எந்த நாளில் எங்கே வாங்கினார் என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்தால் போதும்.

இனி 5 இலட்சம். வாங்காதவர் தயாரிப்பாளர் மேல் வழக்குப் போடலாமா என்ற கேள்விக்கு உலகறிந்த பதில் 1932இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபையில் வந்த டொனகியூ எதிர் ஸ்டீவன்சன் தீர்ப்பு. தோழி வாங்கிக் கொடுத்த போத்தலில் நத்தை இருந்ததாகச் சொன்ன பெண்ணின் வழக்கு அது. போடலாம் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் போத்தலில் நத்தை இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவே இல்லை, விடயம் சமரசத்தில் முடிந்தது. நம் நாட்டில் ரோமன் டச்சுச் சட்டத்தின் கீழ், கவலையீனத்தால் உண்டான பண நட்டத்தையும் உடல் வேதனைக்கான தொகையையும் கேட்கலாம். பயந்தோம், அருவருத்தோம், இனி பிஸ்கற்றே தொடமாட்டான் என்பதற்கெல்லாம் பெரிய தொகை எதிர்பார்க்க வேண்டாம்.

எனவே கணக்கு பல்லிலிருந்து தொடங்கட்டும். ஒன்பது வயதில் முன்பல் பெரும்பாலும் நிரந்தரப் பல்லாகத்தான் இருக்கும். இப்போது அடைத்தாலும், வளர்ந்த பிறகு உறை போட வேண்டி வரலாம். பல் வைத்தியரிடம் காயத்தின் விவரம், இதுவரையான செலவு, இனி வரக்கூடிய செலவு மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். 5 இலட்சம் நியாயமா இல்லையா என்பதை அந்தக் கடிதம் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதன்பிறகு சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்பலாம். வழக்கென்று வந்தால், சம்பவம் இங்கே நடந்ததால் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம், கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. தொகை சிறிதென்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டி வரும். பொதுவாக இரண்டு வருடத்துக்குள் வழக்கைத் தாக்கல் செய்துவிட வேண்டும். பிள்ளைகளுக்குச் சட்டம் தரும் காலக்கெடுச் சலுகையை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். சட்டத்தரணிக்கு வசதியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தில் கேளுங்கள்.

தம்பியின் யோசனைதான் எனக்குக் கவலை. "காசு தா, இல்லாவிட்டால் போடுவேன்" என்பதைத் தண்டனைச் சட்டக்கோவையில் கப்பம் என்று வாசிக்க இடமுண்டு, ஏனென்றால் ஒருவரின் நற்பெயருக்குக் கேடு செய்வதாகப் பயமுறுத்துவதும் அதற்குள் வரும். நீங்கள் முறைப்பாட்டாளர் என்ற நிலை மாறி, நிறுவனம் உங்கள்மேல் பொலிஸுக்குப் போகும். குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டாலும், அவதூறுக்கு நட்டஈடு கேட்கும் சிவில் வழக்கு இன்றும் உண்டு. நடந்ததை அப்படியே சொல்வது வேறு, "விஷம் விற்கிறார்கள்" என்று எழுதுவது வேறு. முறைப்பாடு விசாரணையில் இருக்கும்வரை இரண்டும் வேண்டாம் என்பதே என் கருத்து.

பிரதிநிதி கொண்டுவந்த அந்தக் கடிதத்தில் "முழுமையான இறுதித் தீர்வாக ஏற்கிறேன்" என்ற மாதிரி ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், ஒரு பெட்டி பிஸ்கற்றுக்காக மகனின் பல்லுக்கான உரிமை முழுவதையும் விட்டுக்கொடுத்ததாக வாதிடுவார்கள். கையெழுத்திடாமல் ஒரு படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். பெட்டியையும்தான்.