கிரேக்க நாடகத்தில் ஒரெஸ்டீஸ் தன் தாயைக் கொன்றது நியாயமா?

இல்லை. அந்த வழக்கை யாரும் முழுசாக விசாரிக்கவே இல்லை. பரீட்சைக்காகக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. முதுகலையில் இதைப் படித்தபோது எனக்குப் பட்ட வலி இன்னும் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் கதையைச் சொல்லும் ஈஸ்கிலஸின் மூன்று நாடகங்களும் ('ஒரெஸ்டியா') கி.மு. 458-இல் ஏதென்ஸில் அரங்கேறின. கணவன் அகமெம்னோனை கிளைதெம்னெஸ்த்ரா கொன்றாள், மகன் பழிவாங்கினான் என்றுதான் எங்கள் வகுப்பில் கதையைத் தொடங்கினார்கள். அதற்கு முன்னால் அந்த அப்பன் செய்தது? டிராய்ப் போருக்குக் கப்பல் கிளம்ப வேண்டும் என்று பெற்ற மகள் இஃபிஜெனியாவைப் பலி கொடுத்தான். வீட்டுக்குச் சாபம் விட்டுவிடுவாள் என்று வாயைக் கட்டி, ஆட்டைத் தூக்குவதுபோல் பலிபீடத்தின் மேல் தூக்கினார்கள். யூரிபிடீஸ் எழுதிய நாடகத்தில், மாவீரன் அக்கிலீசோடு கல்யாணம் என்று பொய் சொல்லித்தான் அவளை வரவழைக்கிறார்கள்.

என் அக்காவை, குலசாமி கோயிலுக்கு என்று சொல்லி அழைத்துப்போய்ப் பரிசம் போட்டார்கள். பிளஸ் டூ பரீட்சை முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அம்மாவுக்கே அங்கே போன பிறகுதான் தெரியும். அன்றிலிருந்து அம்மா அப்பாவுக்குச் சோறு போடுவாள், பேச மாட்டாள். கொலை சரி என்று நான் சொல்லவில்லை. பாவம் அந்த காசாண்ட்ரா, டிராயிலிருந்து அகமெம்னோன் சிறைபிடித்து வந்த பெண், அவளையும் கிளைதெம்னெஸ்த்ரா கொன்றாள். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் மூன்றாவது நாடகத்தில் ஒரெஸ்டீசை விசாரிக்க நீதிமன்றம் கூடும்போது இஃபிஜெனியாவின் பெயரை ஒருவர்கூட எடுப்பதில்லை. தாய் என்பவள் பெற்றவளே இல்லை, விதையைக் காப்பவள் மட்டும்தான் என்று அவன் பக்கம் நின்று அப்பொல்லோ தெய்வம் வாதாடுகிறான். வாக்குகள் சமம். தாய் வயிற்றில் பிறக்காத தெய்வம் அதீனாவின் வாக்கு ஒரெஸ்டீசுக்கு. அவன் விடுதலை.

இதைத்தான் செமினாரில் சொன்னேன். "பழிவாங்கல் ஒழிந்து சட்டம் வந்த கதையைக் குடும்பச் சண்டையாக்கிவிட்டாய்" என்றார் பேராசிரியர். இன்டர்னலில் 25-க்கு 11. கைடைப் பார்த்து ஒப்பித்தவர்களுக்கெல்லாம் 20-க்கு மேல். இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன், ஒரு பதிலும் வரவில்லை. முதல் வகுப்பு போனது அதில்தான்.

மூன்றாவது நாடகத்தின் தொடக்கத்தில் கிளைதெம்னெஸ்த்ராவின் ஆவி வந்து, தூங்கிக்கொண்டிருக்கும் பழி தேவதைகளை எழுப்பும். பெற்ற பிள்ளை கையால் செத்தேன், எனக்காக ஒரு தெய்வம்கூடக் கோபப்படவில்லையே என்று கேட்கும். அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.