இங்கிலாந்து ஜிபி சர்ஜரில ரிசப்ஷனிஸ்ட் ஏன் "என்ன பிரச்சனை"ன்னு கேக்குறாங்க?

டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியதை ரிசப்ஷனிஸ்ட்கிட்ட ஏன் சொல்லணும்னு கேட்டிருந்தீங்க. நான் இங்க ஒரு ஜிபி சர்ஜரில, அதாவது குடும்ப டாக்டர் கிளினிக்ல, அந்த வேலைதான் பாக்குறேன், வம்புக்கு கேக்கலைங்க. காலைல 8 மணிக்கு லைன் திறந்ததும் ஃபோன் விடாம அடிக்கும், டாக்டரோட ஸ்லாட் கொஞ்சம்தான், அதுல யாரை இன்னைக்கே டாக்டர் பாக்கணும், யாருக்கு நர்ஸ் போதும், யாரை மருந்துக்கடைக்கு அனுப்பலாம்னு பிரிக்கிறது எங்க வேலை, அதுக்கு ட்ரெயினிங்கும் உண்டு. 2024 ஜனவரில இருந்து பார்மசி ஃபர்ஸ்ட்னு ஒண்ணு இருக்கு, தொண்டை வலி, சைனஸ், அக்கி மாதிரி 7 பிரச்சனைக்கு பார்மசிஸ்ட்டே பாத்து தேவைப்பட்டா மருந்தும் குடுப்பாங்க, வயசு வரம்பு மட்டும் இருக்கு.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல்னா அப்பாயின்ட்மென்ட் பேச்சே கிடையாது, உடனே 999தான், அதாவது ஆம்புலன்ஸ் கூப்பிடுற அவசர நம்பர். அதை சொல்லாம "சும்மா டாக்டரை பாக்கணும்"னு சிலர் கேக்கும்போதுதான் எனக்கு ரொம்ப பயமா இருக்கும்.

கூச்சமா இருந்தா "பர்சனல்"னு மட்டும் சொல்லுங்க, போதும். டாக்டருக்கு இருக்குற அதே ரகசியக் கட்டுப்பாடு எங்களுக்கும் இருக்கு. அம்மா அப்பாவுக்கு இங்கிலீஷ் வராதுன்னா புக் பண்ணும்போதே தமிழ் இன்டர்பிரெட்டர் கேளுங்க, அதுக்கு காசு கிடையாது.