மே மாதத்தில் கேட்ட 99 ரூபாய்

கேள்வி: விசைப்படகின் டீசல், ஐஸ் செலவையும் மீன் விற்ற பணத்தையும் பதிந்தால், ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் கைபேசிச் செயலி ஒன்றை உருவாக்கினேன். பலரும் இலவசமாகப் பயன்படுத்தினார்கள். கடந்த மே மாதம், பத்து நாளுக்கு முந்தைய கணக்கைப் பார்க்க மாதம் 99 ரூபாய் என்று வைத்தேன். ஒருவர்கூடக் கட்டவில்லை, சிலர் செயலியையே நீக்கிவிட்டார்கள். இலவசத்தை அடியோடு நிறுத்திவிடவா?
– பெயர் வெளியிட விரும்பாத இளைஞர், மண்டபம்

பதில்: நிறுத்த வேண்டாம், தம்பி. மே மாதம் என்று படித்ததுமே மனம் கனத்துவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும். படகு உரிமையாளரான சம்மாட்டி மராமத்துக்குக் கடன் தேடி அலைவார். மாதச் சந்தாவே உங்கள் ஊர்த் தொழிலுக்குப் பொருந்தாது. தடை முடிந்து நாலு நடை மீன்பாடு பார்த்த பிறகு, ஆண்டுக்கு ஒரு முறை கேளுங்கள்.

அதைவிடப் பெரிய தவறு, அவர்கள் பதிந்த கணக்கை அவர்களிடமிருந்தே பூட்டியது. அடிப்படை இலவசம், கூடுதல் வசதிக்குக் கட்டணம் என்ற இந்த முறைக்கு ‘ஃப்ரீமியம்’ என்ற பெயர் 2006-இல்தான் வந்தது. இதில் இலவசப் பகுதி தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும். ஒரு படகின் கணக்கு, பழையது உட்பட, என்றும் இலவசமாக இருக்கட்டும். இரண்டு மூன்று படகு வைத்திருப்பவருக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் வசதி, ஆட்களுக்குக் கொடுத்த முன்பணத்தைப் பங்கில் கழிக்கும் வசதி: இவற்றுக்குக் காசு கேளுங்கள். தொழில் பெருகியவர்தான் கட்டுவார். அவர்கள் சிலரே என்பதால், எல்லோருக்கும் ஆகும் சர்வர் செலவை அந்தச் சிலரின் கட்டணம் தாங்குமா என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

மற்றவர்களைச் சுமை என்று நினைக்காதீர்கள். உங்கள் விளம்பரமே அவர்கள்தான். 1996-இல் தொடங்கிய ஹாட்மெயில், தன் வழியாகப் போன ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும் ‘நீங்களும் இலவசமாகக் கணக்குத் தொடங்கலாம்’ என்று ஒரு வரி சேர்த்தது. அதைப் பெற்றவர்களே அடுத்த வாடிக்கையாளர்கள் ஆனார்கள். பங்குக் கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அடியில் உங்கள் செயலியின் பெயர் போகிறதா? இல்லையென்றால் இன்றே சேர்த்துவிடுங்கள்.

முதல் வேலையாகப் பூட்டிய கணக்குகளைத் திறந்துவிடுங்கள். நீக்கியவர்களுக்குக் குறுஞ்செய்தி போதாது. படகு கரைசேரும் நேரத்தில் நேரில் போய், “உங்கள் கணக்கு பத்திரமாக இருக்கிறது, அண்ணே” என்று சொல்லிவிட்டு வாருங்கள்.