அப்பாவோட பட்டறை சாமான விக்கணும், என்ன பண்றது? கேளுங்க, சொல்றேன்

வணக்கமுங்க. கோயமுத்தூர் கணபதில 28 வருஷம் லேத், அதான் இரும்பக் கடையற மிஷின், ஓட்டுனவன், இப்ப கொஞ்ச வருஷமா பழைய மிஷின் வாங்கி விக்கறேன். வீட்டுக்குப் பின்னாடி ஷெட் போட்டு அப்பா வேலை பாத்துட்டு இருந்தாரு, இப்ப அவரு இல்ல, சாமான் எல்லாம் கிடக்குதுன்னு வாரத்துக்கு ரெண்டு பேராவது போன் பண்றாங்க, அதான் எல்லாத்துக்கும் ஒரே இடத்துல சொல்லிடலாம்னு. கேளுங்க.

கேள்வி: அண்ணா, நான் சிங்காநல்லூர். அப்பா தவறி எட்டு மாசம் ஆச்சு. ஆறடி லேத் ஒண்ணு, பெஞ்ச் ட்ரில்லிங், கிரைண்டர், அப்புறம் அலமாரி நிறைய என்னென்னமோ இருக்கு. காயலான் கடைக்காரர் வந்து பாத்துட்டு மொத்தமா 60,000 தரேன்னு சொல்றாரு. குடுத்துடலாமா?

குடுக்காதீங்க தம்பி. ஆறடி லேத் மட்டுமே ஏறக்குறைய ஒரு டன் வரும், அன்னிக்கு இரும்பு என்ன ரேட்டுன்னு விசாரிச்சு நீங்களே பெருக்கிப் பாருங்க, அவரு எல்லாத்தையும் வெறும் இரும்பு எடைக்குத்தான் கேக்கறாருன்னு புரியும். அவரு லேத்தப் பாத்துட்டு இருந்தாரா, இல்ல அலமாரிய பாத்துட்டு இருந்தாரா? எனக்குத் தெரிஞ்சு அலமாரியத்தான் பாத்திருப்பாரு.

முதல்ல தரைல ஒரு பழைய பெட்ஷீட்ட விரிச்சு அலமாரில இருக்கறத எல்லாம் கொட்டிப் பிரிங்க. கட்டையா சதுரமா சின்ன சின்ன கம்பித்துண்டு மாதிரி இருக்கும், அது ஹெச்எஸ்எஸ், அதாவது ஹைஸ்பீட் ஸ்டீல்ல செஞ்ச டூல் பிட், லேத்துல இரும்ப வெட்டறது, ட்ரில் பிட்டும் பெரும்பாலும் அதே ஸ்டீல்தான். சந்தேகமா இருந்தா கண்ணாடி போட்டுட்டு கிரைண்டர்ல லேசா தொட்டுப் பாருங்க, சாதா இரும்புன்னா மஞ்சளா நீளமா பொறி பறக்கும், ஹெச்எஸ்எஸ்னா மங்கலா செவப்பா கொஞ்சமாத்தான் வரும். நுனில மட்டும் சாம்பல் கலர்ல ஒட்டு வச்ச மாதிரி இருக்கறது கார்பைடு, இரும்பையே வெட்டற ரொம்பக் கெட்டியான சரக்கு. அதுவும் தனியாப் போடணும், இந்த ரெண்டையும் இரும்போட சேத்து எடைக்குப் போட்டா அது மாதிரி ஏமாளித்தனம் கிடையாது, கிலோவுக்கு இரும்பை விட பல மடங்கு போகும். பித்தளை புஷ், கன்மெட்டல் (வெண்கல ஜாதி) துண்டு எல்லாம் ஒரு டப்பால. பழைய மோட்டார் எரிஞ்சு போயிருந்தாலும் உள்ள பெரும்பாலும் காப்பர் இருக்கும், தனியா வைங்க.

அப்புறம் மரப்பெட்டி, இல்ல வெல்வெட் துணி போட்ட டப்பா இருந்தா அதைக் கைல எடுத்து வச்சுக்குங்க. மைக்ரோமீட்டர், வெர்னியர், டயல் கேஜ்னு நுணுக்கமா அளக்கற சாமான் எல்லாம் அதுலதான் இருக்கும். மிட்டுடோயோன்னு எழுதி இருந்தா நல்ல ஜப்பான் சரக்கு. வெர்னியரோட ரெண்டு தாடையயும் மூடி வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, நடுவுல கோடா வெளிச்சம் தெரிஞ்சா தேஞ்சு போச்சுன்னு அர்த்தம், சைபர் சைபர்ல நின்னு வெளிச்சமும் தெரியலைன்னா நல்ல விலைக்குப் போகும்.

கேள்வி: லேத் போட்டோ அனுப்புனா விலை சொல்லுவீங்களா?

போட்டோவ வச்சு விலை சொல்றவன நம்பாதீங்க, என்னையும் சேத்துத்தான். எந்த கம்பெனின்னு தகட்டுல இருக்கும். எச்எம்டி, ஹரிஹர்ல செஞ்ச மைசூர் கிர்லோஸ்கர்னா வயசானாலும் மதிப்பு தனி. குஜராத் ராஜ்கோட், பஞ்சாப் பட்டாலால செஞ்ச லேத்துன்னா விலை கம்மிதான், ஆனா நம்மூர்ல புதுசா ஒர்க்‌ஷாப் வைக்கற பசங்களுக்கு அதுதான் கட்டுப்படியாகும், அதனால ஆள் கிடைப்பாங்க.

வாங்க வர்றவரு முதல்ல பண்றது என்ன தெரியுமா, டூல் மாட்டற கேரேஜ, சாமானக் கவ்விப் பிடிக்கற சக்குப் பக்கத்துல இருந்து அந்தக் கடைசில இருக்கற டெயில் ஸ்டாக் வரைக்கும் கையால ஓட்டுவாரு. சக்குப் பக்கம்தான் காலம்பூரா வேலை நடக்கும், அங்க கேரேஜ் ஓடற தளம், அதான் பெட், தேஞ்சிருக்கும். சக்குப் பக்கம் லூசா, கடைசில டைட்டா போச்சுன்னா விலைய இறக்குவாரு. நீங்களும் முன்னாடியே ஓட்டிப் பாத்துட்டு உக்காருங்க, அப்பத்தான் அவரு சொல்றது உண்மையா கதையான்னு தெரியும். இன்னொண்ணு, ஓட்டை போட்ட பல்சக்கரம் பத்து பன்னெண்டு கம்பில கோத்து சுவத்துல தொங்கும், அது இல்லாம விதவிதமா மரை போட முடியாது. நாலு ஜா சக், ஃபேஸ் ப்ளேட், ஸ்டெடின்னு சாமானப் பிடிச்சு நிறுத்தற பாகமெல்லாம் லேத்தோட சேந்தது. ஒருத்தரு இந்த சக்கரத்த எல்லாம் தனியா எடைக்குப் போட்டுட்டு லேத்த மட்டும் எனக்குக் காட்டுனாரு, எனக்கே வயிறு எரிஞ்சுது.

கேள்வி: பெயிண்ட் அடிச்சு பளபளன்னு வச்சா கூட வருமா?

வராதுங்க, குறையும். புட்டி போட்டு பெயிண்ட் அடிச்ச லேத்தப் பாத்தாலே எங்க விரிசல மறைச்சிருக்கான்னுதான் தேடுவோம். மண்ணெண்ணெய்ல துணிய நனைச்சு அழுக்க எடுத்துட்டு பெட் மேல ஆயில் தடவி விடுங்க, போதும். பெட்ல எமரி தாள் போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீங்க.

கேள்வி: நாகர்கோவில்ல இருந்து கேக்கேன். அப்பா ஆசாரி. உளி, இழைப்புளி, கொட்டாப்புளி, துறப்பணம் எல்லாம் ஒரு பெட்டி நிறைய இருக்கு. இதுக்கு என்ன கிடைக்கும்?

பெருசா ஒண்ணும் கிடைக்காது அக்கா, மறைக்காம சொல்லிடறேன். இப்ப எல்லாம் கரண்ட் மிஷின்தான். ஆனா பழைய உளி இரும்பு நல்லா இருக்கும், தீட்டுனா நாள்பட நிக்கும். அப்பாகூட வேலை பாத்த பையன் யாராவது இருப்பாங்க, அவருக்குக் கூப்பிட்டுக் குடுங்க. காசு வாங்கறதும் வாங்காததும் உங்க இஷ்டம்.

கேள்வி: கேஸ் வெல்டிங் செட்டும் ரெண்டு சிலிண்டரும் இருக்கு, அதையும் வித்துடலாமா?

நில்லுங்க. சிலிண்டர் பெரும்பாலும் உங்களுது கிடையாது, கேஸ் கம்பெனிது, அப்பா டெபாசிட்தான் கட்டியிருப்பாரு. ரசீதைத் தேடி எடுங்க, இல்லைன்னா சிலிண்டர் மேல இருக்கற பேரப் பாத்து டீலரக் கூப்பிடுங்க, திருப்பிக் குடுத்தா டெபாசிட் வரும். கறுப்பு ஆக்சிஜன், மெரூன் கலர் அசிட்டிலின். அசிட்டிலின படுக்க வச்சு ஆட்டோல ஏத்தாதீங்க, உள்ள அசிட்டோன்ல கரைஞ்சுதான் அந்த கேஸ் இருக்கு, நிமித்தித்தான் வைக்கணும். ஆக்சிஜன் ரெகுலேட்டர்ல சுத்தம் பண்றேன்னு எண்ணெய், கிரீஸ் எதுவும் படக்கூடாது, தீப்பிடிக்கும். ரெகுலேட்டரும் டார்ச்சும் உங்களுது, அதை விக்கலாம்.

கேள்வி: மூணு ஃபேஸ் கரண்ட்ட நிறுத்திட்டா பில் மிச்சமாகும்ல?

லேத்த வித்துட்டு நிறுத்துங்க. ஓட்டலைன்னாலும் கிலோவாட்டுக்கு இவ்வளவுன்னு நிலைக்கட்டணம் வந்துட்டேதான் இருக்கும், எனக்கும் தெரியும், ஆனா ஓடற மிஷின் விலை வேற, ஓடுமான்னு தெரியாத மிஷின் விலை வேற. ரெண்டு மாச பில்லப் பாத்து பல ஆயிரத்த விடாதீங்க.

கேள்வி: அண்ணா, அம்மா விக்கவே கூடாதுங்கறாங்க. ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனம் இன்னும் லேத்து மேல அப்படியே இருக்கு, துடைக்கக்கூட விட மாட்டேங்கறாங்க. தம்பி சீக்கிரம் வித்துப் பங்கு குடுங்கறான்.

அவசரப்படாதீங்க தங்கச்சி. சாமான்ல அம்மாவுக்கும் பங்கு இருக்குது, அவங்க சரின்னு சொல்லாம ஒரு ஸ்பேனரக்கூட வெளிய விடாதீங்க, நாளைக்கு அதுவே பெரிய சண்டையாகும். முதல்ல லிஸ்ட் எழுதுங்க, தம்பியையும் பக்கத்துல உக்கார வச்சு எழுதுங்க. லேத் ஒரு மழைக்காலம் கிடந்தா கெட்டுப் போயிடாது, ஷெட் ஒழுகாம, ஆயில் தடவி இருந்தா போதும். அம்மாவ கூட வச்சுட்டே சாமான் பிரிங்க, இது உங்கப்பா எதுக்கு வாங்குனாருன்னு அவங்களே சொல்ல ஆரம்பிப்பாங்க. எங்க வீட்லயும் அப்படித்தான் ஆச்சு. அப்பாவோட பழைய வைஸ் ஒண்ண மட்டும் அம்மா எடுத்து வச்சுக்கிட்டாங்க, இப்ப அதுல தேங்கா உரிக்கற கம்பிய மாட்டி வச்சிருக்காங்க.

கேள்வி: அட்வான்ஸ் 5,000 குடுத்துட்டு லோடு ஏத்தும்போது மீதி தரேங்கறாரு. சரியா?

வண்டில ஏத்தறதுக்கு முன்னாடி முழுப் பணமும் வரணும். ஏத்துன பொறவு அந்த பல்லு ஒடஞ்சிருக்கு, இந்த பெல்ட் இல்லைன்னு 10,000 குறைப்பாங்க, இறக்கி வைக்கவா போறீங்க. கிரேன் கூலி யாருதுன்னும் முன்னாடியே பேசிடுங்க. பெல்ட் போட்டுத் தூக்கறப்ப பக்கத்துல நில்லுங்க, முன்னாடி நீளமா ஒரு மரை போட்ட கம்பி போகும், லீட் ஸ்க்ரூன்னு பேரு, அதைச் சேத்துக் கட்டித் தூக்குனா வளைஞ்சுடும், அப்புறம் அந்தப் பழி உங்க மேல வரும்.

கேள்வி: அண்ணா, கடைசியா ஒண்ணு. லேத் சக்ல பாதி கடைஞ்ச ஒரு ஷாஃப்ட் அப்படியே மாட்டி இருக்கு. என்ன பண்றது?

அது யாரோ குடுத்த வேலை தம்பி. அப்பாவோட நோட்டு இருக்கும், கடைசி பக்கத்துல பேரும் சைஸும் எழுதியிருப்பாரு, போன் பண்ணிக் கூப்பிட்டுக் குடுத்துடுங்க. அட்வான்ஸ் வாங்கியிருந்தா அதையும் கேட்டுத் திருப்பிக் குடுங்க, அப்படியே யாரு யாரு அப்பாவுக்குப் பாக்கின்னும் அந்த நோட்டுலயே தெரியும். கழட்டறதுக்கு மெயின ஆஃப் பண்ணிட்டு சக் சாவியப் போடுங்க, கழட்டுனதும் சாவிய வெளிய எடுத்துடுங்க. அதை சக்லயே விட்டுட்டு யாராவது சுவிட்சப் போட்டா மூஞ்சிக்கு வரும்.