கரி கிரில் கட்டுமுன்: வாசகர் கேள்விகள்

கேள்வி: தோட்டத்துச் சமையல் மேடையில் கிரானைட்டை வெட்டி, எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கரிப்பெட்டியை இறக்கி, சுற்றிலும் சிமெண்ட் பூசினோம். மூன்றாம் தடவை பற்றவைத்ததுமே கல் விரிசல்விட்டது. கல் மட்டமா?

கல்லில் குறையில்லை. விரிசல் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் வெட்டின் உள்மூலையாகத்தான் இருக்கும். 60 செ.மீ. எஸ்எஸ் பெட்டி 300 டிகிரி சூடேறினால் சுமார் 3 மி.மீ. நீளும். சுற்றிலும் சிமெண்ட் அடைத்திருப்பதால் அது கல்லைத்தான் நெட்டும். போதாததற்குக் கல்லின் ஓரம் மட்டும் கொதிக்கும், ஒரு முழம் தள்ளிச் சில்லென்று இருக்கும்.

புதுக் கல் போடும்போது நான்கு உள்மூலையிலும் முதலில் வட்டத் துளை போட்டு, துளைக்குத் துளை வெட்டச் சொல்லுங்கள். பெட்டி எல் ஆங்கிளில் (எல் வடிவ இரும்புப் பட்டையில்) உட்காரட்டும்; சுற்றிலும் 10 மி.மீ. வெற்றிடம் வேண்டும், அதை எதைக்கொண்டும் பூசி அடைக்காதீர்கள். அந்த வெற்றிடத்துக்கும் கல்லுக்கும் நடுவே 9×4½×3 அங்குல ஃபயர் பிரிக் (சூடு தாங்கும் செங்கல்) ஒரு வரிசை வர வேண்டும். அதை ஃபயர் கிளே (சூடு தாங்கும் களிமண்) கலவையில், 3 மி.மீ.க்கு மேல் கனமில்லாத இணைப்பில் கட்டுங்கள். சாதா சிமெண்ட் 400 டிகிரியைத் தாண்டினால் வலுவிழந்து, பிறகு ஈரம் பட்டதும் உதிரும். ஒரு எச்சரிக்கை: கொத்தனார் பழக்கத்தில், சிமெண்டுக்கு விடுவதுபோல் இதற்கும் தண்ணீர் விடுவார். காற்றில் உலர்ந்தாலும் ஃபயர் கிளே தணல் காணும்வரை வெறும் மண்தான், கரைந்துவிடும்.

கேள்வி: மொட்டை மாடியில் செங்கல்லாலேயே கட்டலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4×2 அடிக்கு 200 செங்கல், தலா 3 கிலோ என்றாலே 600 கிலோ. சதுர மீட்டருக்கு 800 கிலோ. ஏறிப் புழங்கும் மாடிக்கு, கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 கொள்ளும் புழங்குசுமை (ஆட்கள், சாமான்களின் எடை) சதுர மீட்டருக்கு 150 கிலோ. பொறியாளர் பார்த்து, கீழே சுவரோ பீமோ இருக்கிறது என்று சொன்னால் மட்டும் கட்டுங்கள். இல்லையென்றால் வெல்டிங் பட்டறையில் இரும்பு ஸ்டாண்டு அடித்து, உள்ளே மட்டும் ஃபயர் பிரிக் பதியுங்கள். அப்போதும் மொத்த எடையைப் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: அடியில் சிலிண்டர் வைக்க அலமாரி விடலாமா?

கூடவே கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும், மேலிருந்து கங்கு விழும். அடியில் சாம்பல் தட்டு மட்டும் இருக்கட்டும்.

கேள்வி: நிழலுக்குக் கீற்றுக் கொட்டகை போடலாமா? சுடும் வலைக்கு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) போதுமா?

இரண்டுமே வேண்டாம். ஒரு பொறி போதும், கீற்று பிடித்துக்கொள்ளும். தகர ஷீட் போட்டு, மூன்று பக்கம் திறந்துவிடுங்கள். மழைச் சாரலுக்குப் பிளாஸ்டிக் படுதா கட்டினால் கார்பன் மோனாக்சைடு உள்ளேயே தங்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஜிஐ வலையின் துத்தநாகப் பூச்சு 420 டிகிரிக்குள் உருகிவிடும். எஸ்எஸ் 304 கம்பியே வாங்குங்கள்.

கேள்வி: சாம்பலை எப்போது அள்ளலாம்?

மேலே வெளுத்திருந்தாலும் உள்ளே கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடிருக்கும். 48 மணி நேரம் கழித்து, மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளுங்கள். பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் கொட்டாதீர்கள்.